இடஞ்சுழியும் வலஞ்சுழியும்: பாக்டீரியக் கசையிழை மோட்டாரின் திசைமாற்றி வளையம்

ஈ. கோலை பாக்டீரியம் நீரில் நீந்தும்போது, அதன் உடலில் ஆங்காங்கே முளைத்திருக்கும் நாலைந்து கசையிழைகள் ஒன்றுசேர்ந்து ஒரே புரியாக முறுக்கிக்கொண்டு உடலைப் பின்னாலிருந்து உந்துகின்றன. ஏறத்தாழ ஒரு வினாடி நேராகச் சென்றபின் அந்தப் புரி கலைகிறது. உடல் நின்ற இடத்திலேயே புரள்கிறது. வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இழைகள் மறுபடி ஒன்றுசேர, பாக்டீரியம் வேறொரு திசையில் கிளம்புகிறது. ஓட்டமும் புரளலுமாக அமைந்த இந்த நடை, ஒவ்வொரு கசையிழையின் அடியிலும் இருக்கும் மோட்டார் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைப் பொறுத்தது. இழையின் நுனியிலிருந்து செல்லை நோக்கிப் பார்த்தால், மோட்டார்கள் இடஞ்சுழியாகச் சுழலும்போது ஓட்டம் நிகழ்கிறது. அவற்றில் ஒன்றிரண்டு வலஞ்சுழிக்கு மாறினாலே புரளல் தொடங்கிவிடுகிறது. ஆனால் மோட்டாரை ஓட்டும் ஆற்றல் எப்போதும் ஒரே வழியில்தான் பாய்கிறது. செல்லுக்கு வெளியிலிருந்து புரோட்டான்கள் சவ்வைக் கடந்து உள்ளே வருகின்றன. திசை மாறும்போது அவை திரும்பி ஓடுவதில்லை. வாய்க்கால் நீர் ஒரே பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அதில் மாட்டிய சக்கரம் மட்டும் நினைத்தபோது எதிர்ப்பக்கம் சுழல்வது எப்படிச் சாத்தியம்?

இதற்கான விடை, மோட்டாரின் அடியில் செல்லின் உட்புறத்தை நோக்கி அமைந்திருக்கும், ஏறத்தாழ 45 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு புரத வளையத்தில் இருக்கிறது. ஆய்வாளர்கள் அதை ‘சி வளையம்’ என்றும், அதன் வேலையைக் கருதித் திசைமாற்றி என்றும் அழைக்கிறார்கள். ஃபிளி-ஜி, ஃபிளி-எம், ஃபிளி-என் என்ற மூன்றே வகைப் புரதங்களால் ஆன வளையம் அது. இந்த மூன்றின் பெயர்களும் 1980களிலேயே தெரிந்திருந்தன. அவற்றின் துண்டுகளின் உருவம் 1999 முதல் ஒவ்வொன்றாக வெளிவந்தது. ஆனாலும் திசை எப்படி மாறுகிறது என்பதற்கு உருவ அடிப்படையில் தெளிவான விளக்கம் 2020க்கும் 2024க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் கிடைத்தது. இவ்வளவு தாமதம் ஏன் என்பதும், கிடைத்த விளக்கம் என்ன சொல்கிறது என்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

கசையிழை சாட்டைபோல வீசி அசைவதில்லை, கப்பலின் விசிறிபோலச் சுழல்கிறது என்ற கருத்தை ஹோவர்ட் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும் 1973ல் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே மைக்கேல் சில்வர்மனும் மெல்வின் சைமனும் அதைக் கண்முன் காட்டினார்கள். கசையிழையின் அடிப்பகுதியை எதிர்ப்புரதங்களின் உதவியால் கண்ணாடித் தகட்டில் ஒட்டிவிட்டால், இழை அசைய முடியாது. மோட்டார் உண்மையிலேயே சுழலக்கூடியது என்றால் பாக்டீரியத்தின் உடல்தான் சுழல வேண்டும். நுண்ணோக்கியில் உடல் சுழன்றது. அதே 1974ல் ஜூலியஸ் அட்லரின் குழு, பிடித்தமான வேதிப்பொருளைச் சேர்த்தால் சுழற்சி இடஞ்சுழியாகவும், விலக்கும் பொருளைச் சேர்த்தால் வலஞ்சுழியாகவும் மாறுவதைக் காட்டியது. உணவை நோக்கி நகரும் பாக்டீரியத்துக்குச் சுக்கான் எதுவும் இல்லை. சரியான திசையில் போய்க்கொண்டிருக்கும்போது புரளலைத் தள்ளிப்போடுவது மட்டுமே அதற்குத் தெரிந்த வழிகாட்டல். ஆகவே திசைமாற்றி என்பது மோட்டாரின் ஓர் உதிரிப் பாகமாக இல்லாமல், பாக்டீரியம் எடுக்கும் முடிவுகள் அனைத்தும் வந்து சேரும் இடமாக இருக்கிறது.

அந்த முடிவைச் சுமந்து வரும் தூதன் கீ-ஒய் என்ற சிறு புரதம். ஏறத்தாழ 130 அமினோ அமிலங்களே கொண்டது. செல்லின் முனையில் கொத்தாக இருக்கும் ஏற்பிகள் வெளியே உள்ள வேதிப்பொருள்களை உணர்ந்து, கீ-ஏ என்ற நொதியின் வேகத்தைக் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. கீ-ஏ, கீ-ஒய்யின் 57ஆம் இடத்திலுள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்தின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. கீ-இசட் என்ற மற்றொரு புரதம் அதை இறக்கிவிடுகிறது. பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் செல்லுக்குள் மிதந்து சென்று சி வளையத்தில் ஒட்டினால், வலஞ்சுழிச் சுழற்சிக்கான வாய்ப்பு கூடுகிறது. மூன்று திசைமாற்றிப் புரதங்களில் ஃபிளி-எம்மின் முன்முனைதான் அதை முதலில் பற்றிக்கொள்கிறது.

மோட்டாரின் அமைப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உட்சவ்வில் பதிந்திருக்கும் எம்எஸ் வளையம், ஃபிளி-எஃப் என்ற புரதத்தின் 34 பிரதிகளால் ஆனது. அதன் அடியில் சி வளையம் தொங்குகிறது. இரண்டும் ஒன்றாகச் சுழன்று, தண்டு, கொக்கி ஆகியவற்றின் வழியாக இழையைச் சுழற்றுகின்றன; இந்தத் தொகுதியே சுழலி. சுற்றிலும், செல்சுவரோடு பிணைக்கப்பட்டு நகராமல் நிற்பவை நிலையிகள், ஈ. கோலையில் பத்து, பதினொன்று வரை சேரக்கூடும். மோட்-ஏ, மோட்-பி என்ற புரதங்களால் ஆன நிலையிகளின் வழியாகத்தான் புரோட்டான்கள் உள்ளே வருகின்றன. எடைகுறைந்த சுமையோடு இந்த மோட்டார் வினாடிக்கு 300 சுற்றுகள் வரை சுழல்கிறது. புரோட்டானுக்குப் பதிலாகச் சோடியம் அயனியைப் பயன்படுத்தும் விப்ரியோ வகைகளில் அந்த எண்ணிக்கை 1,700ஐ எட்டியதாக 1994ல் அளந்திருக்கிறார்கள்.

என் பார்வையில், இந்தக் கதையில் உரிய மதிப்பைப் பெறாத கட்டம் 1986ஆம் ஆண்டு நடந்த மரபியல் ஆய்வு. யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மாக்நாப், ஷின்-இச்சி ஐசாவா உள்ளிட்டோர் சால்மொனெல்லாவின் திடீர்மாற்ற வகைகளை நூற்றுக்கணக்கில் சேகரித்து ஆராய்ந்தபோது, மூன்று ஜீன்கள் மட்டும் தனித்து நின்றன. மற்ற ஜீன்கள் கெட்டால் ஏதாவது ஒரு வகைக் கோளாறுதான் தோன்றும்: இழையே முளைக்காது, அல்லது இழை இருந்தும் சுழலாது, அல்லது சுழன்றும் திசை மாறத் தெரியாது. இந்த மூன்று ஜீன்களிலோ, மாற்றம் விழுந்த இடத்தைப் பொறுத்து மூன்று வகைக் கோளாறுகளும் தோன்றின. இன்று ஃபிளி-ஜி, ஃபிளி-எம், ஃபிளி-என் என்று நாம் அழைக்கும் புரதங்களின் ஜீன்கள்தான் அவை. கட்டுமானம், விசை, திசை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்ற முடிவை, ஒரு புரதத்தின் உருவத்தைக்கூடக் காணாமல் அவர்கள் எட்டினார்கள். பிற்காலத்தில் வந்த உருவங்கள் எல்லாம் இந்தக் கூற்றுக்கு விளக்கவுரைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் டீரோசியர் குழு 1994ல் மோட்டாரைச் சி வளையத்தோடு சேர்த்தே பிரித்தெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியபோது, மரபியலாளர்கள் ஊகித்த அந்தத் தொகுதி கண்ணுக்குத் தெரியும் பொருளாயிற்று.

அந்தப் படத்தில் வளையத்தின் வெளிவடிவம் தெரிந்ததே தவிர, உள்ளே எந்தப் புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்பது தெரியவில்லை. அதற்கு அப்போது இருந்த முதன்மையான வழி எக்ஸ் கதிர்ப் படிகவியல். முழு வளையத்தைப் படிகமாக்குவது நடக்காத காரியம். அதனால் புரதங்களைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியே படிகமாக்கினார்கள். ஈ. கோலையின் புரதங்களைவிட, வெந்நீர் ஊற்றுகளிலும் கடலடி வெப்பப் பகுதிகளிலும் வாழும் தெர்மோடோகா மாரிட்டிமா, அக்விஃபெக்ஸ் ஏயோலிகஸ் போன்ற பாக்டீரியங்களின் புரதங்கள் இறுக்கமானவை, எளிதில் குலையாதவை. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிளேரும் கிறிஸ்டபர் ஹில்லும் இந்த வழியில் 1999ல் ஃபிளி-ஜியின் பின்முனைப் பகுதியின் உருவத்தைக் கண்டறிந்தார்கள். 2002ல் நடுப்பகுதியும் சேர்ந்த உருவம், 2005ல் ஃபிளி-என்னின் உருவம், 2006ல் ஃபிளி-எம்மின் நடுப்பகுதி என்று ஒவ்வொன்றாக வந்தன. அக்விஃபெக்ஸின் முழு ஃபிளி-ஜியை 2010ல் சிட்னியிலிருந்து லாரன்ஸ் லீ, டேனியேலா ஸ்டாக் குழுவினர் வெளியிட்டார்கள்.

இந்தத் துண்டுகள் சொன்ன செய்திகள் கொஞ்சமல்ல. ஃபிளி-ஜி மூன்று பகுதிகளாக அமைந்த, பெரும்பாலும் சுருள்களால் ஆன புரதம். முன்பகுதி எம்எஸ் வளையத்தின் ஃபிளி-எஃப்பைப் பற்றிக்கொள்கிறது. நடுப்பகுதி ஃபிளி-எம்மோடு சேர்கிறது. பின்பகுதியில்தான் விசையை வாங்கும் சுருள் இருக்கிறது. அந்தச் சுருளின் முகட்டில் மின்னேற்றமுள்ள அமினோ அமிலங்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. உருவம் வெளிவருவதற்கு முன்பே, பிளேரின் ஆய்வகம் அந்த மின்னேற்றங்களைச் செயலளவில் அடையாளம் கண்டிருந்தது. ஃபிளி-ஜியில் ஒரு நேர்மின்னேற்றத்தை எதிர்மின்னேற்றமாக மாற்றினால் மோட்டார் தடுமாறியது. நிலையியின் மோட்-ஏவிலும் அதற்கு எதிரான மாற்றத்தைச் செய்தால், சில இணைகளில் சுழற்சி மீண்டது. இரண்டு புரதங்களும் அந்த இடத்தில் நேருக்கு நேர் முட்டுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்நாளில் கிடைத்திருக்க வழியில்லை. 1999ன் படிகம் வந்தபோது, மரபியல் குறித்துக் காட்டிய அதே அமினோ அமிலங்கள் ஒரே முகட்டில் நின்றன.

ஃபிளி-எம், ஃபிளி-என் ஆகியவற்றின் உருவங்களில் வேறு வகைச் செய்தி இருந்தது. ஃபிளி-எம்மின் நடுப்பகுதி, கீ-ஒய்யிலிருந்து பாஸ்பேட்டை இறக்கும் கீ-சி, கீ-எக்ஸ் என்ற நொதிகளை ஒத்த மடிப்புடையது. ஒரு காலத்தில் கீ-ஒய்யைக் கையாண்ட நொதி ஒன்று, வினைபுரியும் திறனை இழந்து, வளையத்தின் சுவராக மாறியிருக்கிறது என்று இதை வாசிக்கலாம். ஃபிளி-எம்மின் பின்பகுதியும் ஃபிளி-என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வளையத்தின் அடிவிளிம்பை அமைக்கின்றன. ஃபிளி-என்னுக்கு உறவான புரதங்கள், ஷிகெல்லா போன்ற நோய்க்கிருமிகள் நம் செல்களுக்குள் புரதங்களைச் செலுத்தப் பயன்படுத்தும் ஊசி போன்ற கருவியின் அடியிலும் இருக்கின்றன. கசையிழை கட்டப்படும்போது அதற்கான புரதங்களை வெளியே அனுப்பும் ஏற்றுமதி வாயிலுக்குச் சரக்கு வந்து இறங்கும் இடமாகவும் ஃபிளி-என் செயல்படுகிறது என்பதோடு இது பொருந்துகிறது. 1986ல் கண்ட முதல் வகைக் கோளாறு, அதாவது இழையே முளைக்காமல் போவது, இந்த வளையத்தில் ஏற்படும் மாற்றத்தால் ஏன் வருகிறது என்பதற்கு இங்கே விடை இருக்கிறது.

ஆனால் துண்டுகளை வளையத்துக்குள் எப்படி வைப்பது என்பதில் பெரும் குழப்பம் நிலவியது. ஃபிளி-ஜியின் நடுப்பகுதியும் பின்பகுதியும் வெவ்வேறு படிகங்களில் வெவ்வேறு கோணங்களில் நின்றன. இரண்டையும் இணைக்கும் நெகிழ்வான கீல் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மடங்கக்கூடியதாக இருந்தது. ஒரு படிகத்தில் காணும் மடிப்பு மோட்டாரில் உள்ள மடிப்பா, படிகத்தில் நெருக்கி அடுக்கியதால் நேர்ந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை. மேலும், ஒரு ஃபிளி-ஜியின் நடுப்பகுதி தனக்குரிய பின்பகுதியோடு சேராமல், பக்கத்து ஃபிளி-ஜியின் பகுதியோடு சேர்ந்து அடுக்காக நிற்கக்கூடும் என்ற யோசனை 2010ன் உருவத்திலிருந்து வலுப்பெற்றது. அந்த யோசனை சரியானதே. பக்கத்து வீட்டுச் சுவரில் உத்திரத்தை ஊன்றிக் கட்டிய தெருபோல, வளையத்தில் எந்த ஃபிளி-ஜியும் தனித்து நிற்பதில்லை. தனிப்பட்ட மூலக்கூறின் படிகத்தைப் பார்த்து வளையத்தின் இயக்கத்தை ஊகிப்பது ஏன் அவ்வளவு கடினமாயிற்று என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

எண்ணிக்கையும் தன் பங்குக்குக் குழப்பியது. டீரோசியர் குழுவின் அளவீடுகளில் சி வளையத்தில் ஏறத்தாழ 34 அலகுகள் இருந்தன. எம்எஸ் வளையத்திலோ 26 என்றே கருதப்பட்டது. ஃபிளி-ஜி இந்த இரண்டில் எதைப் பின்பற்றுகிறது? 26 என்றால், மேலுள்ள 26க்கும் கீழுள்ள 34க்கும் இடையிலான பொருத்தமின்மையே மோட்டாரின் இயக்கத்துக்கு இன்றியமையாதது என்று சிலர் வாதிட்டார்கள். 2005ல் யோஷியுகி சோவா, ரிச்சர்டு பெர்ரி உள்ளிட்டோர் மெதுவாகச் சுழலும் மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 26 சிறு தாவல்கள் என்று அளந்தது அந்த வாதத்துக்கு ஆதரவாகவே பார்க்கப்பட்டது. பிறகு உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி மேம்பட்டு, 2020லும் 2021லும் எம்எஸ் வளையத்தின் உருவம் தெளிவாக வெளிவந்தது. ஃபிளி-எஃப்பின் 34 பிரதிகள்தான் அதில் இருந்தன; ஆனால் அவற்றின் ஒரு பகுதி மட்டும் உட்புறத்தில் 23 அலகுகளின் ஒழுங்கில் அடுக்கிக்கொண்டிருந்தது. ஒரே புரதம் ஒரே வளையத்துக்குள் இரண்டு விதமான ஒழுங்குகளில் நிற்கக்கூடும் என்பதை முன்பு யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. இன்றைய கணக்கு சீரானது: 34 ஃபிளி-எஃப், அவற்றோடு ஒன்றுக்கு ஒன்றாக 34 ஃபிளி-ஜி, 34 ஃபிளி-எம், ஒவ்வொரு ஃபிளி-எம்முக்கும் மூன்றாக 102 ஃபிளி-என்.

சுழலியை மட்டும் எவ்வளவு உற்றுநோக்கினாலும் விடை கிடைத்திருக்காது என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. கோபன்ஹேகனில் நிக்கோலஸ் டெய்லரின் குழுவும், ஆக்ஸ்ஃபோர்டில் சூசன் லீயின் குழுவும் தனித்தனியே நிலையியின் உருவத்தை வெளியிட்டன. அதுவரை நான்கு மோட்-ஏ, இரண்டு மோட்-பி என்றே பாடநூல்களில் இருந்தது. உண்மையில் இருந்தவை ஐந்து மோட்-ஏ. அவை வளையமாகச் சூழ்ந்து நிற்க, நடுவே இரண்டு மோட்-பி. இந்த ஐந்து–இரண்டு என்ற கணக்குத்தான் திருப்பம். ஐந்து உறுப்புகளைக் கொண்ட வளையம் நடுவிலுள்ள இரட்டைத் தண்டைச் சுற்றிச் சுழலவே தகுந்த அமைப்பு அது. மோட்-பியில் உள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்தில், ஈ. கோலையில் அது 32ஆம் இடம், ஒரு புரோட்டான் ஏறி இறங்கும்போதெல்லாம் மோட்-ஏ வளையம் 36 பாகை நகர்கிறது என்பது இந்த உருவங்களிலிருந்து முன்வைக்கப்பட்ட மாதிரி. அதாவது நகராமல் நிற்பது என்று பெயர் வைத்த நிலையியே ஒரு சிறு மோட்டார். அது வெளியிலிருந்து பார்க்க வலஞ்சுழியாக மட்டுமே சுழல்கிறது. புரோட்டான்கள் ஒரே வழியில் பாய்வதால் அதற்கு வேறு திசை கிடையாது.

இப்போது மேசைமேல் ஒரு வளையலைத் தட்டையாக வைத்து, ஒரு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் வெளிவிளிம்பில் ஒட்டினாற்போல் வலஞ்சுழியாகத் திருகிப் பாருங்கள். வளையல் இடஞ்சுழியாக நகரும். கரும்புச்சாறு பிழியும் ஆலையில் அருகருகே இருக்கும் உருளைகள் எதிரெதிராகச் சுழல்வதும் இப்படித்தான். அடுத்து பென்சிலை வளையலுக்குள்ளே வைத்து, உள்விளிம்பில் ஒட்டினாற்போல் அதே வலஞ்சுழியாகத் திருகுங்கள். இம்முறை வளையலும் பென்சிலோடு சேர்ந்து வலஞ்சுழியாகவே போகும். பென்சிலின் திசை மாறவில்லை; அது வளையலின் எந்தப் பக்கத்தைத் தொடுகிறது என்பது மட்டுமே மாறியது. கசையிழை மோட்டாரில் நடப்பது இதுதான். நிலையி பென்சில், சி வளையம் வளையல். ஒரே வேறுபாடு, நிலையி இடம் பெயர்வதில்லை என்பது. வளையம்தான் தன் உருவத்தை மாற்றிக்கொண்டு, நிலையிக்கு வெளிப்பக்கத்தைக் காட்டுவதிலிருந்து உட்பக்கத்தைக் காட்டுவதற்கு மாறுகிறது.

இந்த மாற்றத்தின் முதல் நேரடிப் படங்கள், செல்லை உடைக்காமல் உறையவைத்துப் பல கோணங்களில் எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து 2020ல் வந்தன. லைம் நோயை உண்டாக்கும் பொரீலியா பாக்டீரியத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜுன் லியு குழு, இடஞ்சுழியிலேயே நிலைத்துவிட்ட திடீர்மாற்ற வகையையும் வலஞ்சுழியிலேயே நிலைத்துவிட்ட வகையையும் ஒப்பிட்டது. விப்ரியோவிலும் அவ்வாறே செய்யப்பட்டது. இரண்டிலும், வலஞ்சுழி நிலையில் வளையத்தின் மேற்பகுதி சில நானோமீட்டர் அளவுக்கு வெளிப்புறமாக விரிந்திருந்தது. விரிந்த வளையத்தின் விளிம்பு நிலையியின் வெளிப்பக்கத்துக்குப் போய்விடுவதால், நிலையி இப்போது வளையத்துக்கு உள்ளிருந்து தொடுகிறது. ஆனால் அந்தப் படங்களின் துல்லியம் புரதச் சுருள்களைத் தனித்தனியே காட்டப் போதவில்லை.

அந்தத் துல்லியம் 2024ல் கிடைத்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டினா ஐவர்சன் குழுவும், அப்போது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு மாறியிருந்த சூசன் லீயின் குழுவும் சால்மொனெல்லாவின் சி வளையத்தை இரண்டு நிலைகளிலும் வெளியிட்டன. ஐவர்சன் குழுவின் படங்கள் இடஞ்சுழி நிலையில் 4.0 ஆங்ஸ்ட்ராம், வலஞ்சுழி நிலையில் 4.6 ஆங்ஸ்ட்ராம், கீ-ஒய் ஒட்டிய வலஞ்சுழி நிலையில் 5.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியம் கொண்டவை (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு; எண் சிறிதானால் படம் கூர்மையானது). அவற்றில் தெரிவது இது. இடஞ்சுழி நிலையில் ஃபிளி-ஜியின் பின்பகுதியிலுள்ள மின்னேற்ற முகடு வெளிப்புறம் பார்த்து நிற்கிறது. வலஞ்சுழி நிலையில் அந்தப் பகுதி ஏறத்தாழ 180 பாகை திரும்பி, அதே முகடு உட்புறம் பார்க்கிறது. மோட்-ஏவைப் பற்றும் அமினோ அமிலங்கள் இரண்டு நிலைகளிலும் அவையே. வெளிப்புறப் பற்களைக் கொண்ட சக்கரம் ஒன்று, பற்கள் உட்புறம் அமைந்த சக்கரமாகக் கணப்பொழுதில் மாறுவதற்கு ஒப்பானது இது. மனிதர் செய்த பற்சக்கரங்களில் இதற்கு இணையாக எதையும் நான் அறியேன்.

கீ-ஒய்யின் பங்கும் இந்தப் படங்களில் தெளிவாயிற்று. வலஞ்சுழி நிலையில் மட்டும் அருகருகே வரும் பகுதிகளை அது பாலம்போல இணைக்கிறது. இடஞ்சுழி நிலையில் அந்தப் பகுதிகள் விலகி நிற்பதால் பாலம் போட இடமில்லை. ஆகவே கீ-ஒய் வளையத்தைத் தள்ளித் திருப்புகிறது என்று சொல்வதைவிட, வளையம் தானாகவே இரண்டு நிலைகளுக்கும் இடையே ஊசலாடும்போது வலஞ்சுழி நிலையைப் பிடித்து நிறுத்துகிறது என்று சொல்வதே பொருத்தமாக இருக்கும். கீ-ஒய் முதலில் ஃபிளி-எம்மின் நீண்ட முன்முனையில் தொற்றிக்கொண்டு, பிறகு ஃபிளி-என்னோடும் சேர்வதாக பிளேரின் குழு 2010ல் சொன்னதோடு இதை இணைத்துப் பார்க்கலாம். முன்முனை தூண்டில்போல நீண்டு தூதனைப் பிடிக்கிறது. பிடிபட்டபின் அது எங்கே அமர்கிறது என்பதுதான் திசையைத் தீர்மானிக்கிறது.

ஓர் உறுப்பின் திருப்பம் இவ்வாறு புரிந்தாலும், 34 உறுப்புகளும் சேர்ந்து திரும்புவது எப்படி என்ற கேள்வி தனியே நிற்கிறது. சில ஃபிளி-ஜி வெளியே பார்க்க, சில உள்ளே பார்த்தால், நிலையிகள் வளையத்தை எதிரெதிர்ப் பக்கங்களில் இழுக்கும், மோட்டார் முடங்கிப்போகும். உண்மையில் மோட்டார் அப்படித் தயங்குவது அரிது. ஃபிலிப் குளூசல், மைக்கேல் சுரெட், ஸ்டானிஸ்லாஸ் லைப்லர் ஆகியோர் 2000ல் தனித்தனிச் செல்களில் கீ-ஒய்யின் அளவையும் மோட்டாரின் போக்கையும் சேர்த்து அளந்தபோது, 3 மைக்ரோமோலார் என்ற செறிவை ஒட்டிய குறுகிய எல்லைக்குள் மோட்டார் ஏறத்தாழ முழு இடஞ்சுழியிலிருந்து ஏறத்தாழ முழு வலஞ்சுழிக்குத் தாவியது. ஒத்துழைப்பின் அளவைக் குறிக்கும் ஹில் எண் 10ஐத் தாண்டியது. ஆக்ஸிஜனைப் பற்றுவதில் ஒத்துழைப்புக்குப் பேர்போன ஹீமோகுளோபினுக்கே அது 3ஐ எட்டுவதில்லை. ஜுன்ஹுவா யுவானும் பெர்க்கும் 2013ல் மறுபடி அளந்தபோது அது 20ஐ ஒட்டி வந்தது.

இந்தக் கூர்மைக்குத் தாமஸ் டியூக், நிக்கோலாஸ் லே நொவெர், டென்னிஸ் பிரே ஆகியோர் 2001ல் முன்வைத்த விளக்கம், உருவமாற்றம் ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்குத் தொற்றிப் பரவுகிறது என்பது. ஓர் உறுப்பு திரும்பினால் பக்கத்து உறுப்பு திரும்பாமல் நிற்பது கடினமாகிறது. மாற்றம் வளையம் முழுதும் ஓடிவிடுகிறது அல்லது பாதியில் அணைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. பெர்ரியின் ஆய்வகத்தில் 2010ல் மிகுந்த கால நுட்பத்தோடு அளந்தபோது, திசைமாற்றம் ஒரே கணத்தில் நிகழாமல், ஒவ்வொரு முறையும் வேறுபடும் கால அளவை எடுத்துக்கொள்வதும், சில முயற்சிகள் பாதியில் நின்றுவிடுவதும் தெரிந்தன, கணிப்பு பலித்தது. இந்தத் தொற்றுக்கான பாதை எது என்று அன்று யாராலும் காட்ட முடியவில்லை. இன்று முழு வளையத்தின் உருவம் கையில் இருக்கும்போது அது தெரிகிறது: ஒரு ஃபிளி-ஜியின் பகுதி பக்கத்து ஃபிளி-ஜியின்மேல் ஏறி அமர்ந்திருக்கும் அந்த அடுக்குமுறையும், அடிவிளிம்பில் ஃபிளி-எம்மும் ஃபிளி-என்னும் சங்கிலிபோலக் கோத்திருப்பதும். படிகங்களை வாசிப்பதற்குத் தடையாக இருந்த அதே பின்னல்தான் வளையத்தை ஒருமனதாகத் திரும்ப வைக்கிறது.

இந்தப் பின்னல் இறுகிப்போன ஒன்றும் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரிலேயே ஃபிளி-எம் கழன்று புதியது சேர்வதை ஜூடித் ஆர்மிடேஜின் குழு 2010ல் காட்டியது. இடஞ்சுழியில் அதிகநேரம் சுழலும் மோட்டார் கூடுதலான ஃபிளி-எம்மைச் சேர்த்துக்கொண்டு, குறைந்த கீ-ஒய்க்கும் செவிசாய்க்கும்படி தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்பதை 2012ல் யுவான், பெர்க் உள்ளிட்டோர் கண்டார்கள். திசைமாற்றியின் கூர்மை அவ்வளவு அதிகமாக இருக்கும்போது, செல்லுக்குச் செல் கீ-ஒய்யின் அளவு சிறிது வேறுபட்டாலும் மோட்டார் ஒரே பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு; அந்த ஆபத்தை வளையம் தன் உறுப்பினர் எண்ணிக்கையை மாற்றியே தவிர்க்கிறது.

மூன்றே அமினோ அமிலங்கள் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடும் என்பதும் குறிப்பிடத்தக்கது. சால்மொனெல்லாவின் ஃபிளி-ஜியில் 169 முதல் 171 வரையுள்ள ஒரு புரோலினும் இரண்டு அலனைன்களும் நீங்கினால், கீ-ஒய் இல்லாமலே மோட்டார் வலஞ்சுழியில் பூட்டிக்கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997ல் விவரித்த இந்த வகையைத்தான், வலஞ்சுழி நிலையை அசையாமல் பிடித்து வைக்கப் பிற்கால ஆய்வுகள் பலவும் நாடின. 1986ன் திடீர்மாற்றச் சேகரிப்பைப் போலவே, இங்கும் உருவவியலுக்கு வழி திறந்துவிட்டது மரபியல்.

கடைசியாக, இதுவரை சொன்னவை ஈ. கோலைக்கும் சால்மொனெல்லாவுக்கும் உரியவை என்பதை மறக்கக் கூடாது. மண்ணில் வாழும் பாசிலஸ் சப்டிலிஸில் பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் ஒட்டினால் மோட்டார் இடஞ்சுழிக்குப் போகிறது. அதாவது அதே தூதன் அங்கே ‘ஓடு’ என்ற செய்தியைக் கொண்டுவருகிறான். அதற்கேற்ப ஏற்பிகளின் பேச்சும் தலைகீழாகிறது: பிடித்தமான பொருளை உணர்ந்தால் ஈ. கோலையில் கீ-ஏ அடங்குகிறது, பாசிலஸில் முடுக்கம் பெறுகிறது. பாசிலஸின் வளையத்தில் ஃபிளி-என்னுக்குப் பதிலாக ஃபிளி-ஒய் என்ற நீண்ட புரதம் இருக்கிறது. அதன் பின்பகுதி ஃபிளி-என்னை ஒத்தது. நடுப்பகுதியோ கீ-ஒய்யிலிருந்து பாஸ்பேட்டை இறக்கும் நொதியாக இன்னும் வேலை செய்கிறது. ஃபிளி-எம்மின் நடுப்பகுதி இழந்துவிட்ட அந்தப் பழைய தொழில், பாசிலஸில் வளையத்தின் மற்றோர் உறுப்பிடம் உயிரோடு இருக்கிறது. தூதனைப் பற்றும் வளையமே அவனை நிராயுதபாணியாக்கியும் அனுப்பும் இந்த ஏற்பாட்டில், கீ-ஒய் எந்த நிலையைப் பிடித்து நிறுத்துகிறது என்பதை அணுவளவில் காட்டும் படம் வந்தால், எதிரெதிரான இரண்டு செய்திகளை ஒரே பற்சக்கரம் எப்படி வாசிக்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.